கடலோரக் கோட்டைகள் – 14: மதாமின் குடும்பம்

தாம்பரம் தாண்டி மின்சார ரயிலில் போகிறவர்களுக்குச் செங்கல்பட்டு வந்துவிட்டதை முதலில் சொல்வது கொளவாய் ஏரிதான். பரனூரைக் கடந்ததும் ஜன்னலோரம் தண்ணீர் விரியும். தூங்கியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், பைகள் மேல்தட்டிலிருந்து இறங்கும். ஏரிக்கரையை ஒட்டி இடிந்து கிடக்கும் கோட்டையை எட்டிப் பார்க்க ஒருவருக்கும் பொழுதில்லை. தண்டவாளம் போட்ட வெள்ளைக்காரனே அதை மதிக்கவில்லை. கோட்டையின் உடம்பை அறுத்துக்கொண்டுதான் பாதை போகிறது.

விஜயநகரத்தார் காலத்துக் கடைசியில், 16ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில், திம்மராஜா கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை. ஒரு பக்கம் ஏரி, மற்றப் பக்கங்களில் கால் புதையும் நெல் வயல். செங்கழுநீர்ப்பட்டு என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்க வேண்டாம். அந்த ஏரியைப் பார்த்தாலே தெரியும். பீரங்கியை இழுத்து வருகிறவனுக்கு அந்த ஈரமே பெரிய அகழி.

சென்ற இதழை ஆற்காட்டு முற்றுகையோடு நிறுத்தியிருந்தோம். 1751 முடியும்போது ஆங்கிலேயத் தளபதி கிளைவுக்குப் பேர் வந்துவிட்டது. ஆனால் சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் வழி இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில்தான். கரையில் கோவளம், உள்ளே செங்கல்பட்டு. இரண்டு கோட்டைகளிலும் பிரெஞ்சு அரசரின் கொடி பறந்தது. அந்தக் காலத்தில் அவர்கள் கொடியே வெள்ளை. சரணடைகிறவன் வெள்ளைக் கொடி காட்டுவான் என்றால், பிரெஞ்சுக்காரன் எதை இறக்கி எதை ஏற்றுவான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அந்தக் கொடிக்குப் பின்னால் பாண்டிச்சேரியில் ஒரு வீடு இருந்தது. கிளைவின் கதையைச் சொல்கிறவர்கள் அந்த வீட்டுக்குள் நுழைவதில்லை. வாசலில் நின்று பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் இந்த வாரம் உள்ளே போவோம். அங்கே இருப்பவர், புதுச்சேரித் தமிழில் எல்லாரும் 'மதாம்' என்று சொன்ன, டூப்ளேயின் மனைவி ழான் அல்பேர்.

ழான் பிறந்தது 1706இல், பாண்டிச்சேரியில். அப்பா ழாக் தெயோதோர் அல்பேர், பிரெஞ்சுக் கம்பெனியின் வைத்தியர். கடல் தாண்டி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அம்மா எலிசபெத் ரோசா டி காஸ்ட்ரோ, சென்னைப் பக்கத்துப் போர்ச்சுகீசியக் கலப்புக் குடும்பத்துப் பெண். நம்மவர்கள் சட்டைக்காரர்கள் என்று சொன்ன கூட்டம். சாந்தோம் மாதா கோயிலும் மீன் குழம்பும் போர்ச்சுகீசியப் பேச்சும் தமிழும் ஒன்றாகக் கிடந்த வீடுகள் அவை. கப்பலில் தனியாக வந்த ஐரோப்பிய ஆண்களுக்குப் பெண் கொடுத்தவை பெரும்பாலும் இந்த வீடுகள்தான். குடியேறி வந்தவன் என்று நாம் சொல்லும் ஆளின் அடுத்த தலைமுறை, தாய்வழியில் ஏற்கெனவே இந்த ஊர்க்காரப் பிள்ளையாக இருந்தது.

அதனால் ழானுக்குத் தமிழ் தெரியும். வேலைக்காரியை அதட்டும் அளவுக்கான தமிழ் மட்டும் தெரிந்திருந்தால் அவர் கணவருக்கு அத்தனை உபயோகப்பட்டிருக்க மாட்டார். துபாஷி இல்லாமலே ஆட்களை வரவழைத்துப் பேசவும், சேதி கேட்கவும், பேரம் முடிக்கவும் அவரால் முடிந்தது. இங்கிருந்த கவர்னர்களுக்குக் கிடைக்காத சலுகை இது. அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் துபாஷி சொன்னது மட்டுமே.

13 வயதில் கல்யாணம். 1719இல் அந்தச் சிறுமியைக் கம்பெனி அதிகாரியும் வியாபாரியுமான ழாக் வேன்சான் கட்டிக்கொண்டார். இருபது வருடத்தில் பதினொரு பிள்ளைகள் பெற்றார் ழான். எல்லாம் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களில் பெண்கள் நம் கதைக்கு வேண்டியவர்கள். 1739இல் வங்காளத்துச் சந்திரநாகூரில் வேன்சான் இறந்தார். அங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ழோசப் பிரான்சுவா டூப்ளே. குடும்பத்துக்குப் பழைய நண்பர், அதுவரை கல்யாணம் ஆகாதவர். 1741 ஏப்ரலில் அவர் ழானை மணந்தார். அடுத்த ஆண்டு டூப்ளே கவர்னராகப் பாண்டிச்சேரிக்கு வந்தபோது, ழான் பிறந்த ஊருக்கே எசமானியம்மாவாகத் திரும்பினார். அந்த ஆண்டில் இருவருக்கும் ஒரு மகன் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டான். அதன் பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை. வேன்சானின் பெண்களைத்தான் டூப்ளே தம் பெண்களாக நடத்தினார்.

மதாமை நமக்கு இவ்வளவு நெருக்கத்தில் காட்டுகிறவர் அவருக்கு வேண்டியவர் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லாவிட்டால் மதாம் வெறும் ஒரு படமாகச் சுவரில் தொங்கியிருப்பார். பிள்ளை பிறந்தது சென்னைப் பெரம்பூரில், 1709இல். மதாமுக்கு மூன்று வயது இளையவர். ஒருவருக்கு அம்மா வழியிலும் மற்றவருக்கு அப்பா வழியிலும் சென்னைதான் வேர். இருவரும் வளர்ந்தது பாண்டிச்சேரியில். இருவருக்கும் ஊர்ச்சேதி தெரியும். இருவருக்கும் கவர்னரின் காது வேண்டும். ஒரு காதுக்கு இரண்டு வாய் போட்டியிட்டால் என்ன நடக்குமோ அது நடந்தது.

1746இல் பெரிய துபாஷி கனகராய முதலி இறந்ததும் அந்த இடத்துக்கு யார் என்று கேள்வி வந்தது. பாதிரிமார்கள் கிறித்தவர் ஒருவரே வர வேண்டும் என்றார்கள், மதாமும் அவர்கள் பக்கம். பிள்ளைக்குப் பதவி கிடைத்தது. பகையும் சேர்ந்து கிடைத்தது. பிறகு நாட்குறிப்பில் மதாம் வருகிற இடமெல்லாம் மிளகாய் அரைத்த அம்மிபோல இருக்கும். காசு வாங்குகிறாள், வேலையில் தலையிடுகிறாள், பொய்ச்சேதி கொண்டுவருகிறவனுக்கு இடம் கொடுக்கிறாள் என்று பக்கம் பக்கமாக. இதையெல்லாம் அப்படியே நம்பிவிட முடியாது, எழுதியவர் பாதிக்கப்பட்ட கட்சிக்காரர். அதற்காக ஒதுக்கவும் முடியாது, தினம் தினம் அந்த வாசலில் போய் நின்றவரும் அவர்தான்.

வேதபுரீசுவரர் கோயில் விஷயம் மட்டும் பிள்ளையின் மனத்தாங்கல் என்று தள்ளிவிடக்கூடியதல்ல. 1748 செப்டம்பரில், ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் முற்றுகையிட வந்த சமயம், பாதிரிமார் கோயிலை ஒட்டியிருந்த அந்தச் சிவன் கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் ஓடிவந்து முறையிட்டும் நிற்கவில்லை. பிள்ளை அன்றைக்கு எழுதியிருப்பதைப் படிக்கும்போது, கணக்கு எழுதும் கை நடுங்கியிருப்பது தெரியும். பாதிரிமாருக்குத் துணை நின்றதில் மதாமுக்குப் பங்கு உண்டு என்பதே ஊரின் முடிவு. தமிழ் பேசத் தெரிந்த பெண், தமிழர்கள் அழுததைக் கேட்டுக்கொண்டு வாளாவிருந்தார் என்பதை நான் எந்த வகையிலும் சரிக்கட்டிச் சொல்லப் போவதில்லை.

இனி, குடும்பம். பிரெஞ்சு ராஜ்யம் என்று புத்தகத்தில் படிக்கிறோம். 1746க்குப் பிறகு இந்தக் கரையில் அது நடந்த விதத்தைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல இருக்கும். மதாமின் ஒரு மருமகன் துவால் தெப்ரெமெனில். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் வந்ததும், அந்தப் பட்டணத்தின் அதிகாரத்தில் டூப்ளே உட்காரவைத்தது அவரைத்தான். இன்னொரு மகள் மரி ரோஸ், சென்னையில் ஆங்கிலேயர் பக்கத்து வியாபாரியான பர்னவாலின் மனைவி. அம்மா ஒரு பட்டணத்தில் கவர்னர் மனைவி, மகள் எதிரிப் பட்டணத்தில் குடித்தனம். மதாமின் தங்கை புருஷன் தொத்தேய், படைத்தளபதி. டூப்ளேயின் அக்காள் தங்கை வழி மருமகன் கெர்ழான், இன்னொரு தளபதி. கடைக்குட்டிப் பெண்ணை வீட்டில் 'ஷோன்ஷோன்' என்பார்கள். ஐதராபாத் நிசாமின் அவையில் பிரெஞ்சுக்காரரின் செல்வாக்கையே தாங்கி நின்ற புஸ்ஸிக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள்.

ஊரில் இப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்தால், மிராசு போய்விடாமல் காப்பதற்காக அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் முடிச்சுப் போடுகிறார்கள் என்போம். இங்கே மிராசு கர்நாடகம். வெள்ளைக்காரன் முறை செய்தான் என்பதால் அது ராஜதந்திரம் ஆகிவிடுமா? இந்த நாட்டு ஜனங்கள் மதாமை 'ழான் பேகம்' என்றார்கள்.

கோவளத்துக்கு வருவோம். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் காலத்தில் கட்டிய கோட்டை அது, சாதத் பந்தர் என்று பெயர். 1750இல் அதைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஒரு கப்பல் வந்து நங்கூரம் போட்டது, ஆபத்து என்று அடையாளம் காட்டியது. படகில் போய்ப் பார்த்தவர்களிடம், மாலுமிகளில் பாதிப் பேர் சொறிநோயில் செத்துப்போனார்கள், மிச்சமிருப்பவர்களையும் கரையில் இறக்காவிட்டால் கப்பலை ஓட்ட ஆளிருக்காது என்றார்கள். கோட்டைக்காரருக்கு இரக்கம் கொஞ்சம், நல்ல கூலி கிடைக்குமென்ற ஆசை கொஞ்சம். நோயாளிகள் என்று முப்பது பேர் இறங்கினார்கள். எலும்பும் தோலுமான முகங்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். உடுப்புக்கு அடியில் ஆயுதம். ராத்திரி எழுந்து காவலை மடக்கினார்கள். விடிந்தபோது கோட்டை பிரெஞ்சுக்காரருடையது. இப்போது அந்தக் கோட்டை நின்ற கடற்கரை மேட்டில் நட்சத்திர விடுதி இருக்கிறது. மணலில் பையன்கள் அலைச்சறுக்குப் பலகையோடு நிற்கிறார்கள்.

1752ஆம் ஆண்டு மதாமின் குடும்பத்துக்குப் பிடித்த சனி. ஜூன் மாதம் வாலிகண்டபுரத்தில் தங்கை புருஷன் தொத்தேய் கிளைவிடம் சரணடைந்தார். சில நாளில் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை ஆயுதத்தைக் கீழே வைத்தது. அவர்கள் நவாபாக்க நினைத்த சந்தா சாகிபின் தலை போனது. அடுத்து பாகூரில், பாண்டிச்சேரி வாசலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், மருமகன் கெர்ழான் ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸிடம் தோற்றுப் பிடிபட்டார். அதே மழைக்கு முந்தைய மாதங்களில்தான் கோவளத்துக்கும் செங்கல்பட்டுக்கும் ஆள் அனுப்பியது சென்னை.

அனுப்பிய ஆட்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருநூறு ஐரோப்பியர்கள், ஐந்நூறு சிப்பாய்கள், நான்கு பெரிய பீரங்கி. ஐரோப்பியர்கள் லண்டனின் சாராயக் கடைகளிலும் சிறைகளிலும் அள்ளிக்கொண்டு வந்த கும்பல். துப்பாக்கி சுடப் பழகாதவர்கள். சிப்பாய்களும் புதிதாகச் சேர்த்தவர்கள். வேறு தளபதிகள் இவர்களை வேண்டாம் என்றார்கள், உடம்பு சரியில்லாத கிளைவ் முன்வந்தார். கோவளக் கோட்டையிலிருந்து வந்த முதல் குண்டில் ஒருவன் செத்ததும் மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடியது. கிளைவ் துரத்திப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார். பிறகு ஒரு நாள் பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்து காணாமல் போன ஒருவனை மறுநாள் தேடினால், கிணற்றின் அடியில் உட்கார்ந்திருந்தான். எந்தக் கிணறோ தெரியாது. கோவளத்து மீனவர் யாரேனும் அன்று காலையில் தண்ணீர் சேந்தப் போய்த் திடுக்கிட்டிருக்கலாம்.

கிளைவ் தாமே குண்டு விழும் இடத்தில் நின்று காட்டி, வெட்கப்படுத்தியே இவர்களைச் சண்டைக்காரர்களாக்கினார். கோவளம் விழுந்தது. அது விழுந்த சேதி செங்கல்பட்டுக்குப் போகவில்லை. கோவளத்துக்கு உதவி செய்ய அங்கிருந்து ஒரு படை கிளம்பி வந்துகொண்டிருந்தது. வழியில் பதுங்கியிருந்த கிளைவின் ஆட்கள் ஒரே நேரத்தில் சுட்டார்கள். முதல் வேட்டிலேயே நூறு பேர் விழுந்ததாகச் சொல்கிறார்கள். தப்பியவர்கள் வந்த வழியே ஓடினார்கள்.

அப்படியே செங்கல்பட்டு. கோட்டைக்குள் நாற்பது ஐரோப்பியரும் ஐந்நூறு சிப்பாய்களும். பீரங்கிகள் நான்கு நாள் ஓயாமல் அடித்து வெளி மதிலையும் உள் மதிலையும் உடைத்தன. உடைப்பின் வழியே ஏறுவதற்கு முன் கோட்டைத் தலைவர் பேச்சுக்கு வந்தார். மரியாதையோடு வெளியேற விட்டால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். கிளைவுக்கும் வயல் சேற்றில் ஆள் இழக்க இஷ்டமில்லை. கொடி இறங்கியது, பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரிக்கு நடந்தார்கள். கிளைவ் சென்னை திரும்பி, அடுத்த பிப்ரவரியில் மார்கரெட் மாஸ்கலினைக் கல்யாணம் செய்துகொண்டு கப்பல் ஏறினார்.

பிறகு சமாதானப் பேச்சு நடந்த இடம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி, சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் ஊர்; சட்ராஸ் என்று சொன்னார்கள். மாமல்லபுரத்தை ஏழு கோயில் என்று அடையாளம் வைத்துக் கரையைப் பிடித்த மாலுமிகள், அடுத்து தேடுவது இந்த ஊரைத்தான். நெசவுத் துணிக்குப் பேர் போன இடம். கோட்டைக்குள் டச்சுக்காரர் கல்லறைகள் இருக்கின்றன. கருங்கல்லில் குலச்சின்னமும் எழுத்தும் இழைத்துச் செதுக்கியிருப்பார்கள். நான் போன மத்தியானம் கல் கொதித்தது. ஒரு பலகையின் மேல் உட்கார்ந்திருந்த ஆட்டுக்குட்டி மட்டும் எழுந்திருக்கவே இல்லை.

1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச இங்கே வந்தார்கள், டச்சுக்காரர் எந்தக் கட்சியும் இல்லை என்பதால். ஆங்கிலேயர் தரப்பில் பாக், வான்சிட்டார்ட். முன்னவர் பின்னால் சென்னை கவர்னரானார், பின்னவர் வங்காளத்து கவர்னர். பிரெஞ்சுத் தரப்பில் சேசு சபைத் தலைவர் லவோர் பாதிரியார், போசே, கூடவே பாகூரில் பிடிபட்ட அதே கெர்ழான். சமாதானத்துக்கும் குடும்பத்திலிருந்து ஆள்! பேச்சு நடந்தது பாரசீகக் காகிதங்களின் மேல். கிருஷ்ணைக்குத் தெற்கே எல்லாவற்றுக்கும் டூப்ளேயே அதிகாரி என்று பிரெஞ்சுக்காரர் சன்னதுகளை விரித்தார்கள். முகலாய பாதுஷா பேரில் வந்ததாகச் சொன்ன கடிதத்தின் முத்திரையே போலி என்றார்கள் ஆங்கிலேயர்கள். மதாமின் தமிழும் வீட்டுக்குள் வந்து சேரும் சேதிகளும் இந்த மேசையில் செல்லவில்லை. முத்திரை வட்டமா நீளமா, எந்த வருஷத்து மசி என்பதில் கரையின் தலையெழுத்து சிக்கிக்கொண்டது. தாங்கள் ஆதரித்த முகம்மது அலிதான் நவாப் என்று ஒப்புக்கொள்ளாமல் பேச்சே இல்லை என்று ஆங்கிலேயர்கள், ஒப்புக்கொண்டால் எங்கள் கதி என்ன என்று பிரெஞ்சுக்காரர்கள். சில நாளில் கலைந்தது.

பாரீஸுக்குப் பொறுமை போய்விட்டது. வியாபாரம் செய்ய அனுப்பினால் இவர் யுத்தம் செய்து பணத்தைக் கரைக்கிறாரே என்று கம்பெனி, டூப்ளேக்குப் பதிலாகக் கோதே என்பவரை அனுப்பியது. 1754 ஆகஸ்டில் அவர் வந்து இறங்கினார். அக்டோபரில் டூப்ளே கப்பல் ஏறினார், மதாமும் ஷோன்ஷோனும் கூடவே. வங்காளமும் சோழமண்டலக் கரையும்தான் மதாம் அதுவரை வாழ்ந்த உலகம். பிரெஞ்சுக்காரி என்று ஊரெல்லாம் சொன்ன பெண்மணி, பிரான்சை நோக்கிப் போனது 48 வயதில்.

1755 ஜூனில் லோரியான் துறைமுகத்தில் இறங்கினார்கள். முதலில் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. பிறகு வழக்கு. யுத்தத்தில் தன் கைப்பணத்தைப் போட்டேன், திருப்பிக் கொடு என்று டூப்ளே கம்பெனியிடம் கேட்டார். கம்பெனி கொடுப்பதாக இல்லை. 1756 டிசம்பரில் பாரீஸில் மதாம் இறந்தார். டூப்ளே மறுமணம் செய்துகொண்டார். 1763இல் அவரும் போனார். புஸ்ஸி ஷோன்ஷோனைக் கட்டவில்லை. மாமனார் பதவியிலிருந்து இறங்கியதும் நிச்சயமும் மெல்ல மெல்ல ஆறிப்போனது. நம்மூரில் பார்க்காததா?

இந்தக் குடும்பத்தில் ஒரு பேரன் உண்டு. மதாமின் மகளுக்கும் தெப்ரெமெனிலுக்கும் 1745 டிசம்பரில் பாண்டிச்சேரியில் பிறந்த ழான் ழாக். சின்னப் பையனாகவே பிரான்சுக்குப் போய்ப் பெரிய வழக்கறிஞனாகி, பாரீஸ் பார்லமான் நீதிமன்றத்தில் உட்கார்ந்தார். 1788இல் அரசரை எதிர்த்துப் பேசிச் சிறைக்குப் போனபோது பாரீஸ் ஜனங்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். புரட்சி வந்ததும் அவரே அரசர் பக்கம் சாய்ந்தார். அதே ஜனங்கள். 1794 ஏப்ரலில் கில்லட்டின்.

அவருடைய கொள்ளுப்பாட்டி சென்னைக் கரையைச் சேர்ந்த சட்டைக்காரப் பெண். பாரீஸில் அன்று வண்டிக்குப் பின்னால் கூச்சலிட்டுக்கொண்டு போனவர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது.

செங்கல்பட்டுக் கோட்டையில் அதன் பிறகு பறந்தது ஆங்கிலேயக் கொடி. 1763இல் நவாப் முகம்மது அலி, பட்ட கடனுக்கும் பெற்ற உதவிக்குமாக இந்தச் சீமையையே கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். ஜனங்கள் 'ஜாகீர்' என்று அழைக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான். ஏரி மடைகளை எண்ணவும் கிராமக் கணக்கைப் பிடுங்கவும் வந்த கலெக்டர்களின் கதை அடுத்த இதழில்.